பொருள்: ஹெடிங், டிராக் – தமிழில் என்ன?

அன்புடையீர்,
சிறு விமானம் ஓட்டப் பழகுவோர் கைப்பேசிச் செயலியைக் கொண்டு வழியறிவது பற்றிய கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். ஹெடிங், டிராக் இரண்டையும் 'திசை' என்றே எழுதியிருந்தேன்; சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். காரில் செல்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். விமானத்திலோ, மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் வடக்கு நோக்கிப் பறக்கையில் மேற்கிலிருந்து 17 கடல் மைல் வேகத்தில் காற்றடித்தால், மூக்கு வடக்கே நோக்கியிருக்க, விமானம் ஏறத்தாழ 10 பாகை கிழக்கே ஒதுங்கிச் செல்லும். மூக்கு நோக்குவது ஹெடிங். தரைமேல் நகர்வது டிராக். முகத்திசை, செல்திசை எனலாமா?

மறுமொழி:
முகத்திசை நன்று. செல்திசையை ஏற்பதற்கில்லை. வினைத்தொகை காலம் கரந்து நிற்பது. சென்ற திசை, செல்கின்ற திசை, செல்லும் திசை மூன்றுக்கும் அது இடங்கொடுக்கும். புறப்படுமுன் வரைபடத்தில் கோடிட்டு வைக்கும் கோர்ஸும் 'செல்லும் திசை'தானே? ஆகவே தடத்திசை என்க. மேலும், 'விமானி' எதற்கு? புறநானூற்று 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' இருக்கிறதே; வலவன் என்றே எழுதலாம். வலவன் என்பதன் வேர் 'வல்'. வன்மை, வல்லமை, வல்லுநர் எல்லாம் அதன் கிளைகளே.

மறுமொழி:
ஐயா, வலவனைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். நான் பொழுதுபோக்காக விமானம் ஓட்டுபவன். செயலியின் திரையில், கடந்து வந்த வழியும் ஒரு கோடாக விழுகிறது. பயில்பவர் அதைத்தான் தடம் என்று கொள்வார். இதைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. 'ஹெடிங் 270' (270 பாகை, அதாவது மேற்கு) என்று கட்டுப்பாட்டாளர் வானொலியில் சொன்னால், விமானத்தின் திசைகாட்டியைப் பார்த்துத் திருப்ப வேண்டும். ஜிபிஎஸ் தரும் டிராக் எண்ணை 270க்குக் கொண்டுவந்தால், காற்றடிக்கும் நாளில் வேறு பக்கம் நோக்கிப் பறப்போம். கண்ணாடியோரம் பொருத்திய கைப்பேசி வெயிலில் சூடேறி அணைந்துவிட்டால், கையில் மிஞ்சுவது ஹெடிங்கும் கடிகாரமுமே. காதில் விழும் சொல்லையே எழுதுங்கள். தூய்மைக்காக ஒருவரை வழிதவற விட வேண்டாம்.

மறுமொழி:
காதில் விழுவதையெல்லாம் எழுதினால் கையேட்டைத் தமிழாக்குவானேன்? முதல் இடத்தில் மட்டும் 'ஹெடிங் எனப்படும் முகத்திசை' என்று எழுதினால் போதாதா?

மறுமொழி:
நால்வர் தடத்திசைக்கும் ஒருவர் டிராக்குக்கும் இசைந்திருக்கிறீர்கள். எனக்கு இன்னும் செல்திசையில்தான் மனம். எனினும் முகத்திசை, தடத்திசை என்றே எழுதி, வானொலி உரையாடல் வரும் பக்கங்களில் மட்டும் ஹெடிங், டிராக் என விட்டுவிடுகிறேன். கோர்ஸுக்கு யாரும் சொல் தரவில்லை. நாளை மாலைக்குள் தந்தால் நலம்.