பாரிஸ் பயணம்: அம்மாவைச் சார்த்தர் பேராலயத்துக்குக் கூட்டிப் போகலாமா?

உப்புவெளி:
ஓகஸ்ட் விடுமுறைக்கு அம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு பாரிஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறேன். பாரிஸுக்குள் இருக்கும் நோத்ர் டாம் பேராலயமே போதும் என்கிறான் தம்பி. எனக்குப் பாரிஸுக்கு வெளியே சார்த்தர் நகரில் இருக்கும் பேராலயத்தைப் பார்க்க ஆசை. அம்மா சைவம்தான், ஆனால் மன்னார் மடு மாதா கோயிலின் ஓகஸ்ட் திருவிழாவைத் தவறவிடாதவர். இந்த வருடம் போக முடியாதே என்று இப்போதே கவலைப்படுகிறார். முழங்கால் நோவால் கோணேசர் கோயிலுக்கே கோட்டை வாசலில் இருந்து ஓட்டோவில்தான் போகிறார். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. இவர்களோடு சார்த்தர் போய்வருவது சரிவருமா?

மூதூரான்:
தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2019 தீக்குப் பிறகு திருத்தி 2024 டிசெம்பரில் திறந்த நோத்ர் டாம் உள்ளே பளிச்சென்று இருக்கிறது. உள்ளே போகக் காசும் இல்லை. ஓகஸ்டில் வரிசை நீளம், நேரத்தை ஒன்லைனில் பதிந்துகொண்டு போங்கள்.

சீனன்குடா:
தங்கச்சி, அம்மாவுக்காகவே சார்த்தர் போங்கள். நானும் திருகோணமலையில் பிறந்து பாரிஸில் இருக்கிறேன். ஊரில் இருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவேன். மொம்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட.

அதுவும் மாதா கோயில்தான். மாதா அணிந்ததாக நம்பப்படும் துணி ஒன்று அங்கே இருக்கிறது. 1194இல் கோயில் எரிந்தபோது அந்தத் துணி தப்பியது. அதை மாதாவின் அருளாக எடுத்துக்கொண்டு சனங்கள் எழுப்பியதுதான் இன்று நிற்கும் கட்டடம். பெரும்பகுதி 1220 அளவில் முடிந்துவிட்டது. தீயில் தப்பிய இன்னொன்று, நீல உடையில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் மாதாவின் கண்ணாடி யன்னல். அது தெற்குப் பக்கம் இருப்பதால் நடுப்பகல் வெயிலில் பார்க்க வேண்டும். அம்மாவை அதற்கு முன்னால் இருத்திவிட்டு, அவசரப்படுத்தாமல் விடுங்கள். அந்த நீலம் எந்தப் படத்திலும் வராது.

மகளுக்கு யன்னல்களின் அடிப்பகுதியைக் காட்டுங்கள். பாண் செய்பவர், சப்பாத்துத் தைப்பவர், தச்சர் எல்லோரும் அங்கே வேலை செய்துகொண்டிருப்பார்கள். 1939இல் போர் வருகிறது என்று அந்தக் கண்ணாடிகளை எல்லாம் கழற்றிப் பத்திரப்படுத்தியதை மகனுக்குச் சொல்லுங்கள். 1942இல் நம் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்ட கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது விளங்கும். கோபுரம் ஏற அவனும் தம்பியும் போகட்டும், அம்மாவுக்கு வேண்டாம்.

உப்புவெளி:
நன்றி அண்ணா. வாசித்துக் காட்டினேன், அம்மா இப்போதே பையை எடுத்துவிட்டார். மடுத் திருவிழா நாளான ஓகஸ்ட் 15 அன்றே போகலாமா?

சீனன்குடா:
அன்று பிரான்ஸில் பொது விடுமுறை, கூட்டம் இருக்கும். பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை என்றால் கதிரைகளை எடுத்துவிடுவார்கள், தரையில் பதித்த 13ஆம் நூற்றாண்டுச் சுழல்பாதையில் பிள்ளைகள் நடக்கலாம். ஆனால் அம்மா மடுவை விட்டுவிட்டு வருகிறார். நான் என்றால் 15ஆம் திகதியே கூட்டிப் போவேன்.