சனிக்கிழமை ஏழு மணிக்கு மாடி லைட்டை அணைக்கவும்

தெரு வாட்ஸ்அப் குழு, வேலூர்

வியாழன்

செல்வம் சார்: எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை (ஜனவரி 24, 2026) மாலை 6.45க்கு நம் தெருமுனைக் காலிமனையில் எங்கள் வானியல் மன்றத்தார் டெலஸ்கோப் வைக்கிறோம். அதன் வாய் அகலம் 8 அங்குலம். இரண்டு பைனாகுலரும் உண்டு. காசு எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம்.

பத்மா அக்கா: பிப்ரவரி 1 தைப்பூசம். அன்றைக்கு வைத்தால் முழு நிலாவாகப் பார்க்கலாமே சார்?

செல்வம் சார்: பௌர்ணமி மட்டும் வேண்டாம் அக்கா. அன்றைக்கு நிலாவில் வெயில் நேராக விழும், நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரியும். சனிக்கிழமை சஷ்டி. வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். பார்க்க அதுதான் அழகு.

தினேஷ்: 📎 பலமுறை பகிரப்பட்டது: இந்த வாரம் செவ்வாய் கிரகம் நிலா அளவு பெரிதாகத் தெரியும்!! குழந்தைகளுக்குக் காட்டுங்கள்!!

செல்வம் சார்: தம்பி, இது 2003லிருந்து சுற்றுகிறது. எந்த வருஷமும் அப்படித் தெரியாது. இப்போது செவ்வாய் சூரியன் பக்கம் போய்விட்டது, கண்ணிலேயே படாது. அதை விடுங்கள், உங்கள் மாடியில் புதிதாக ஃபோகஸ் லைட் போட்டிருக்கிறீர்களே, சனிக்கிழமை ஏழிலிருந்து ஒன்பது வரை அணைத்து வைக்க முடியுமா?

தினேஷ்: திருட்டு பயத்தில் போட்டது சார்.

கணேசன் தாத்தா: தெருவே அங்கேதான் நிற்கப் போகிறது. எந்தத் திருடன் வருவான்?

தினேஷ்: 😂 சரி தாத்தா, அணைத்துவிடுகிறேன்.

செல்வம் சார்: நன்றி. இன்னொன்று, செல்போன் டார்ச் அடிக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு முறை டார்ச் அடித்தால் எல்லாம் போச்சு. வேண்டுமென்றால் டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிக்கொண்டு வாருங்கள்.

சனி

செல்வம் சார்: 6:30. மேகம் இல்லை. முதலில் சனியைக் காட்டிவிடுவோம், அது சீக்கிரம் மேற்கே இறங்கிவிடும். குரு கிழக்கில் இருக்கிறார், அவசரமில்லை.

பத்மா அக்கா: சார், என் மகனுக்கு மீன ராசி, ஏழரை நடக்கிறது. அவன் சனியைப் பார்க்கலாமா?

கணேசன் தாத்தா: அவர் இவனைப் பார்த்துக்கொண்டேதானே இருக்கிறார். இவனும் ஒரு தடவை பார்க்கட்டும்.

ஷகிலா: 7:20. வளையம் படத்தில் வருகிற மாதிரி இல்லையே. உருண்டையில் ஊசி கோத்தது போல ஒரு கோடுதான் இருக்கிறது.

செல்வம் சார்: சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சுமார் 15 வருஷத்துக்கு ஒரு முறை வளையத்தின் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பும். 2025 மார்ச்சில் அப்படித் திரும்பியது. இனிமேல் வருஷா வருஷம் விரியும்.

கவிதா: என் பெண் நிலாவில் நட்டுவைத்த கொடியைக் காட்டச் சொல்லி அழுகிறாள் 🙈

செல்வம் சார்: நம் கோட்டையைத் தூக்கி அங்கே வைத்தாலும் இந்த டெலஸ்கோப்பில் ஒரு புள்ளியாகத் தெரிவதே சந்தேகம். குருவின் நாலு நிலாக்களைக் காட்டுகிறேன், கூட்டி வாருங்கள். கலிலியோ 1610ல் பார்த்தது.

கணேசன் தாத்தா: 8:25. அந்த சிவப்பு நட்சத்திரம்தான் திருவாதிரையா? நிஜமாகவா?

செல்வம் சார்: அதேதான் தாத்தா.

கணேசன் தாத்தா: என் நட்சத்திரம். எழுபது வருஷமாகக் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரோடு சேர்த்துச் சொல்கிறேன். எதுவென்று ஒருத்தரும் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை.

செல்வம் சார்: பெரிய ஆள் தாத்தா அது. சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் பூமி, செவ்வாய் எல்லாம் அதற்குள்ளே போய்விடும். 2019 கடைசியில் ரொம்ப மங்கிப்போய், வெடிக்கப் போகிறதோ என்று பேசினார்கள். அது தானே கக்கிய தூசு மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பத்மா அக்கா: அப்போ ரோகிணி?

செல்வம் சார்: உங்கள் தலைக்கு நேர் மேலே. அதற்குக் கொஞ்சம் மேற்கே கொத்தாக இருப்பது கார்த்திகை. பைனாகுலரில் பாருங்கள்.

தினேஷ்: நான் மகம்

செல்வம் சார்: கிழக்கே இப்போதுதான் ஏறுகிறது, தென்னை மரத்துக்கு இந்தப் பக்கம்.

கவிதா: எனக்கு சித்திரை சார்

செல்வம் சார்: பதினொன்றரைக்கு மேல் வாருங்கள் 🙂

கவிதா: டெலஸ்கோப்பை விட்டுவிட்டு எல்லோரும் அண்ணாந்து நிற்கிறோம். தாத்தா இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறார், யாராவது நாற்காலி எடுத்து வாருங்கள்.

தினேஷ்: எடுத்து வருகிறேன் அக்கா

ஷகிலா: ரமலான் பிறைக்கும் வைப்பீர்களா?

செல்வம் சார்: வைக்கலாம் ஷகிலாம்மா. பிப்ரவரி 18 மாலை நன்றாகத் தெரிய வேண்டும். சூரியன் முழுக்க மறைந்த பிறகுதான் பைனாகுலரைத் தொடவேண்டும், அது மட்டும் முக்கியம்.

ஞாயிறு

தினேஷ்: நிலா படம் ஒன்றுதான் தேறியது 📷 மற்றதெல்லாம் வெறும் வெள்ளைப் பொட்டு. சார், காவலூர் வானாய்வகத்துக்கு ஒருநாள் போகலாமா?

செல்வம் சார்: போகலாம். சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களை விடுவார்கள், மேகம் வந்தால் கிடையாது. முதலில் போன் பண்ணிக் கேட்டுவிடுகிறேன். 1986லிருந்து இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கேதான். நமக்குக் காட்டுவது சின்னது, ஆனால் ஜவ்வாது மலை இருட்டு இங்கே கிடைக்காது. 1988ல் அங்கே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள்.

கணேசன் தாத்தா: நான் வருகிறேன். திருவாதிரை மறைவதற்குள் போக வேண்டும்.

செல்வம் சார்: ஏப்ரல் வரை சாயங்காலத்தில் இருக்கும் தாத்தா. வேன் பேச வேண்டும், எத்தனை பேர் என்று போடுங்கள். குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

ஷகிலா: மூன்று. ரமலானுக்கு முன்னால் வையுங்கள்.

பத்மா அக்கா: நாங்கள் நாலு பேர். மகனுக்கு ஜன்னல் சீட் கொடுங்கள், மலை வளைவில் வாந்தி எடுப்பான்.