ரைட் 4 கேமில் பின் பிரேக் தேவையா?

கொக்குவில் ரைடர்
பண்ணைக்கடல் இன்னொரு திரியில் எழுதியதை வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மோட்டார் சைக்கிள் ரேஸ் வீடியோ கேமான ரைட் 4 பற்றி, "ரைட் 4 இல் பின் பிரேக்கைத் தொடவே தேவையில்லை, அது சும்மா பேருக்கு வைத்தது" என்று எழுதியிருக்கிறார். யார் சொன்னது? வளைவுக்குள் போன பிறகு வண்டி அகலமாக வெளியே இழுத்தால் பின் பிரேக்கை மெல்லத் தொட்டுப் பாரும், உள்ளுக்கு வரும். வளைவு முடிந்து அக்சிலரேட்டரை முறுக்கும்போது முன் சில்லு தூக்கினாலும் அதை இறக்குவது பின் பிரேக்தான். இதெல்லாம் தெரியாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பண்ணைக்கடல்
அண்ணை, பலமாகப் பிரேக் பிடித்தால் பாரம் முழுக்க முன்னுக்கு வரும். பின் சில்லு தரையை விட்டே கிளம்பிவிடும். காற்றில் நிற்கிற சில்லுக்குப் பிரேக் எதற்கு? நான் முன் பிரேக்கை மட்டும் பிடித்துத்தான் ஓடுகிறேன், வெல்கிறேன். பின் பிரேக் தேவையில்லை.

கொக்குவில் ரைடர்
இந்தக் கதையை மோட்டார் சைக்கிள் ரேஸ் வீரர் மிக் டூஹானிடம் போய்ச் சொல்லும். 1992 இல் நெதர்லாந்தின் அசென் ஓட்டப்பாதையில் விழுந்து வலது கால் மோசமாகப் பழுதானது. காலால் பின் பிரேக்கை மிதிக்க முடியாத மனிதன் என்ன செய்தார்? பின் பிரேக்கே வேண்டாம் என்று விட்டாரா? இடது கைப்பிடியில் பெருவிரலால் அழுத்துகிற மாதிரி பின் பிரேக்கைப் பூட்டி ஓடினார். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை 500 சிசி உலகப் பட்டம். தேவையில்லாத சாமானுக்கா அவ்வளவு பாடுபட்டார்? இன்றைக்கும் மோட்டோஜிபி உலக ரேஸில் பெருவிரல் பிரேக் பூட்டி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தூரதேசத்தான்
ரைட் 5 வெளிவந்தது 2023 இல். நீங்கள் இன்னும் 2020 இல் வந்த கேமை வைத்துச் சண்டை பிடிக்கிறீர்கள். முதலில் புதியதை ஓடிப் பார்த்துவிட்டுக் கதையுங்கள்.

பண்ணைக்கடல்
உங்களுக்கு அங்கே டொரொண்டோவில் சொல்வது சுகம். ரைட் 5 பழைய பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) இல் ஓடாது. இங்கே ஒரு பிஎஸ்5 என்ன விலை என்று தெரியுமா?

தூரதேசத்தான்
நான் விலையைப் பற்றிக் கதைக்கவில்லை. எதற்கெடுத்தாலும் "வெளிநாட்டுக்காரன்" என்று தொடங்குவது உங்கள் வழக்கம். கிரிக்கெட் திரியிலும் இதைத்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

அரியாலையான்
நிஜம் போல இருக்கிறது என்பதற்கே ரைட் 4 தான் உதாரணம். 2021 இல் அந்த மழை ஓட்ட வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியபோது எத்தனை பேர் அதை உண்மையான வண்டி என்று நம்பினார்கள். ஹெல்மெட் கண்ணாடியில் துளி வழிகிறது, தலை திரும்புகிறது. பிரேக்கை விடுங்கள், அந்த ஓட்டத்தைப் பாருங்கள்.

கொக்குவில் ரைடர்
பிரேக்கை ஏன் விட வேண்டும்? படம் வடிவாக இருந்தால் நிஜமாகிவிடுமா? ஈரத்தில் முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கினால் முன் சில்லு சுற்றாமல் இறுகி விழுத்திவிடும். கேமிலும் அப்படித்தான், சில்லு இறுகாமல் தடுக்கிற ஏபிஎஸ் உதவியை நிறுத்திவிட்டு ஓடிப் பாருங்கள். எங்கள் பக்கம் மழை விட்ட பிறகு ஒழுங்கை வாசலில் மணல் அள்ளிக் கொட்டியது போல் கிடக்கும். திரும்பும்போது அதன்மேல் முன் பிரேக்கைப் பிடித்தவன் காலை ஊன்றுவதற்குள் கீழே கிடப்பான். முழங்கை தோல் உரிந்து என்னிடம் வண்டி திருத்த வருகிற பெடியள் எல்லோரும் ஒரே கதைதான் சொல்கிறார்கள். பின் பிரேக் தேவை. திரும்பவும் சொல்கிறேன், தேவை.

பண்ணைக்கடல்
நான் கேமைப் பற்றி எழுதினேன், நீங்கள் ஒழுங்கைக்குப் போய்விட்டீர்கள். சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். என் வீட்டில் ஓடியபோது இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற உதவியைப் போட்டுத்தானே ஓடினீர்கள்? ஒவ்வொரு முறை விழுந்ததும் ஓட்டத்தைப் பின்னுக்கு எடுக்கிற ரிவைண்ட் வேறு. அப்போது இந்த டூஹான் எங்கே போனார்?

கொக்குவில் ரைடர்
உம்முடைய கொன்ட்ரோலரில் பாதி பட்டன் வேலை செய்யாது. அதை வைத்து என்னை அளக்க வேண்டாம். நான் என் வீட்டில் உதவி எதுவும் போடாமல் ஓடுகிறேன். சேர்த்துப் பிடிக்கிற உதவியைப் போட்டாலும் பின் பிரேக்கும் சேர்ந்துதானே பிடிக்கிறது! அப்போதும் பின் பிரேக் தேவை என்றுதானே அர்த்தம்?

அரியாலையான்
ஐல் ஒஃப் மான் தீவின் வீதி ரேஸை வைத்துச் செய்த கேமில் ஒரு சுற்றே 60 கிலோமீற்றருக்கு மேல். இருபக்கமும் கல்மதில், வீடு. அதை ஓடினால் யார் கெட்டிக்காரர் என்று தெரிந்துவிடும்.

தூரதேசத்தான்
அதிலும் மூன்றாவது பதிப்பு வந்துவிட்டது.

பண்ணைக்கடல்
தொடங்கிவிட்டார்.

கொக்குவில் ரைடர்
பேச்சை மாற்ற வேண்டாம். பண்ணைக்கடல், ஏபிஎஸ், முன் சில்லு தூக்காமல் தடுக்கிற உதவி எல்லாவற்றையும் நிறுத்தும். மழையைப் போடும். 1000 சிசி வண்டியை எடும். பின் பிரேக்கைத் தொடாமல் விழாமல் ஒரு ரேஸ் முடித்து வீடியோவை இங்கே போடும். அதற்குப் பிறகு கதைக்கலாம்.

பண்ணைக்கடல்
வீடியோ போடத் தயார். நீங்கள் வாங்கிக்கொண்டு போன டிஸ்க்கை முதலில் திருப்பித் தாருங்கள். பின் பிரேக் தேவையில்லை.

கொக்குவில் ரைடர்
டிஸ்க்கை உம்முடைய தம்பியிடம் அப்போதே கொடுத்துவிட்டேன், அவரிடம் கேளும். பின் பிரேக் தேவை.