மாணவர் அன்பு மன்றம்: போஸ்டர் ஒட்டுவதைத் தாண்டி என்ன செய்யலாம்?

கேள்வி (வகுப்பாசிரியை):
வணக்கம். 12 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு மன்றம் தொடங்குகிறோம். சக மாணவரிடம் கனிவு, சீண்டல் தடுப்பு, பிற நாட்டுக் குழந்தைகளுக்கு நிதி உதவி என மூன்று வேலைகள். வாரம் ஒரு மணி நேரம் கிடைக்கும். யாரைச் சேர்ப்பது? சீண்டல் புகார் வந்தால் மன்றத்துப் பிள்ளைகள் எதுவரை போகலாம்? பணம் திரட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1 (பள்ளி ஆலோசகர்):
மன்றம் பலிக்குமா என்பது பெரும்பாலும் உங்கள் முதல் கேள்வியில்தான் இருக்கிறது. "விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்" என்று அறிவித்தால், ஏற்கெனவே நல்ல பெயர் எடுத்தவர்களே வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கடைசி பெஞ்ச் கேட்காது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு வேறு வழியைக் காட்டியது. "கடந்த சில வாரங்களில் யாருடன் விரும்பி நேரம் செலவழித்தாய்?" என்று கேட்டு, ஒவ்வொரு மாணவரையும் 10 பெயர் வரை எழுதச் சொன்னார்கள். இப்படி ஒரு மாணவர் குழு இயங்கிய பள்ளிகளில் மாணவர் மோதல் பற்றிய ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. பலராலும் எழுதப்பட்ட பிள்ளைகள் குழுவில் கூடுதலாக இருந்த இடங்களில் பலன் இன்னும் அதிகம்.

நீங்களும் அதே கேள்வியைத் தாளில் கேளுங்கள். தாள்களை ஆசிரியர் மட்டும் பார்க்க வேண்டும். யார் பெயர் எத்தனை முறை வந்தது என்பது வெளியே கசிந்தால் அதுவே கேலிக்குத் தீனியாகிவிடும். ஒவ்வொரு நட்புக் கூட்டத்திலிருந்தும் ஒருவராவது வரட்டும், சண்டைக்காரக் கூட்டம் உட்பட. போஸ்டர் வாசகங்களைப் பிள்ளைகளே எழுதட்டும். பெரியவர் எழுதிக் கொடுத்த வாசகம் அவர்கள் பேச்சுபோல ஒலிக்காது.

பதில் 2 (குழந்தைகள் நலப் பணியாளர்):
புகார் விஷயத்தில் முதலில் எது சீண்டல் என்று பிரித்தறியப் பழக்குங்கள். நார்வே உளவியலாளர் டான் ஓல்வேயஸ் வகுத்த மூன்று அடையாளங்கள் போதும்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்த்து நிற்க முடியாதபடி இருவருக்குமிடையே பலத்தில் வித்தியாசம் இருப்பது. சமபலமுள்ள இருவரின் சண்டையைப் பேசித் தீர்க்கலாம். சீண்டலில் "இருவரும் கைகொடுத்துக்கொள்ளுங்கள்" என்று உட்கார வைக்கவே கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளை பயந்து சம்மதிக்கும், மறுநாள் இன்னும் மோசமாக நடக்கும். ஆகவே மன்றம் விசாரிக்கவும் வேண்டாம், பஞ்சாயத்து பண்ணவும் வேண்டாம்.

அவர்களால் முடிந்தது வேறு. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். 10இல் சுமார் 9 சம்பவங்களில் சக மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையிட்டது சுமார் 5இல் ஒன்றில்தான். ஆனால் தலையிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட முறை 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது! இதைத்தான் வாராவாரம் நடித்துப் பழக வேண்டும்:

- சிரிக்காமல், ஃபோனில் படமெடுக்காமல் இருப்பது
- "வா, சார் கூப்பிடுகிறார்" என்று பாதிக்கப்பட்டவரை அங்கிருந்து கூட்டிப் போவது
- பிறகு தனியாகப் போய் உடன் உட்காருவது
- அடிதடி என்றால் இடையில் புகாமல் பெரியவரை அழைத்து வருவது

யாராவது மனம்விட்டுச் சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன்" என்பதே சரி. தேதி, இடம், சொன்ன வார்த்தைகள் இவற்றை அப்படியே குறித்து, பொறுப்பாசிரியரிடம் அன்றே சேர்க்க வேண்டும். ஆன்லைன் சீண்டல் என்றால் பதில் போடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டலாம். அந்தரங்கப் படமாக இருந்தால் மட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்; நேராகப் பெரியவரிடம் போக வேண்டும்.

புகார்ப் பெட்டி வைத்தால் தினமும் திறக்க ஆளிருக்க வேண்டும். போட்ட சீட்டுக்கு ஒரு வாரம் பதில் வராவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி எழுதாது.

பதில் 3 (தொண்டு நிறுவனக் கணக்காளர்):
நிதிக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஒரே ஒரு நோக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய துணி, பொம்மை என்று பொருளாகச் சேர்த்தால் அனுப்பும் செலவே பெரிதாகும். அங்கே தேவையில்லாததும் போய்ச் சேரும். பணமாகக் கொடுத்தால் அங்குள்ளவர்கள் தேவையானதை வாங்கிக்கொள்வார்கள். நிறுவனத்தைத் தேர்வு செய்யுமுன் பதிவு, தணிக்கை செய்த கணக்கு, சென்ற ஆண்டு அறிக்கை ஆகிய மூன்றையும் பிள்ளைகளே கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.

உண்டியலை இருவர் சேர்ந்தே திறந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். கணக்கு எழுதுபவர் மூன்றாமவர். அன்றே பொறுப்பாசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள், யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ரசீது வந்ததும் தகவல் பலகையில் ஒட்டுங்கள்.

தயவுசெய்து "எந்த வகுப்பு அதிகம் கொடுத்தது" என்ற போட்டி வேண்டாம். கொடுக்க முடியாத பிள்ளை அங்கே குறிவைக்கப்படும். சீண்டலைத் தடுக்க வந்த மன்றமே அதற்கு வழி திறந்ததாகிவிடும். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாத மூடிய உண்டியலே போதும். பணம் தர முடியாதவர்களுக்கு நிகழ்ச்சி வேலை, கணக்கு, கடிதம் எழுதுவது என்று சமமான பங்கு கொடுங்கள். அழும் குழந்தையின் படத்தைப் போஸ்டரில் போடாதீர்கள், அந்தக் குழந்தைக்கும் மானம் உண்டு.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 2 எழுதியவர்:
தொடங்கும் முன்பும் ஆண்டு முடிவிலும் பெயர் எழுதாத தாளில், "கடந்த இரண்டு மாதங்களில் எத்தனை முறை சீண்டப்பட்டாய்?" என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை அல்லது அதற்கு மேல் என்பவர்களைத் தனியாக எண்ணுங்கள். புகார்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம்பிக்கை வந்தால் முதல் சில மாதங்களில் புகார் கூடத்தான் செய்யும். அதைப் பார்த்து நிர்வாகம் மன்றத்தை மூடிவிடாமலிருக்க, இதைத் தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.