கூட நீந்தியவர்களும் நீந்த வைத்தவர்களும் இப்போது என்ன செய்கிறார்கள்?

லேன் 4:

உங்களோடு போட்டிகளில் நீந்தியவர்களையோ உங்கள் பழைய கோச்சையோ எங்காவது எதிர்பாராமல் பார்த்திருந்தால் எழுதுங்களேன். பதக்கக் கணக்கு வேண்டாம், அதெல்லாம் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் வந்த முப்பது நாற்பது வருடத்தில் என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

நானே ஆரம்பிக்கிறேன். பக்கத்து லேனில் என்னோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய ஒருவனை விமான நிலையத்தில் பார்த்தேன். கணக்குத் தணிக்கையாளராக இருக்கிறான். "நீந்துகிறாயா?" என்றேன். "மழையில் நனைவதோடு சரி" என்றான். ஆனால் அலாரம் இல்லாமலே நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. எழுந்து என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "கணக்குப் பார்ப்பேன். அந்த நேரத்தில்தான் யாரும் போன் செய்ய மாட்டார்கள்" என்றான். சிறுவயதில் எங்களைப் படுக்கையிலிருந்து இழுத்துப்போட்ட அந்த நேரம், இன்று அவனுக்குச் சோறு போடுகிறது.

பிரபலங்களில் எனக்குப் பிடித்த ஜோடி 1988 சியோல், 100 மீட்டர் பட்டர்ஃப்ளை. சுரினாம் நாட்டு ஆண்டனி நெஸ்டி 53.00 விநாடி, அமெரிக்காவின் மேட் பியாண்டி 53.01. நெஸ்டி பிறகு கோச் ஆனார். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணிக்கே தலைமைக் கோச். பியாண்டி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனார். நூறில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு பெரிது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? (பாவம் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அதே ஒலிம்பிக்கில் அவருக்கு ஐந்து தங்கம்.)

பழைய பட்டர்ஃப்ளை:

என்னோடு ரிலேயில் நீந்திய ஒருத்தி குளோரின் வாசம் வந்தாலே இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விட்டவள் விட்டவள்தான், குளத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்படியும் ஆட்கள் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீந்தியவர்கள் எல்லாரும் கடைசியில் தண்ணீருக்கே திரும்புவார்கள் என்று யாராவது உருகி எழுதும் முன்னால்.

சரி, அவள் என்ன செய்கிறாள் என்றால், பிசியோதெரபிஸ்ட். என் வலது தோளைக் காட்டப் போயிருந்தேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதால் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவள் கையை இரண்டு பக்கமும் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இது இருபது வயதிலேயே வாங்கின கடன்" என்றாள். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் நான்கு சின்னத் தசைகளின் நாண்கள் எலும்புக்கு இடையில் மாட்டி உரசுவதுதான் நீச்சல்காரர்களின் பழைய வியாதி. கை தண்ணீருக்குள் போகும்போது உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிப் போனால் உரசல் அதிகமாகும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீந்துகிறவருக்கு ஆயிரக்கணக்கான முறை அது நடக்கும். இப்போது நீந்துகிற பிள்ளைகள் அவளிடம் வந்தால், எந்த இடத்தில் வலிக்கிறது என்பதை வைத்தே கை எங்கே தப்பாக விழுகிறது என்று சொல்லிவிடுகிறாளாம். குளத்துக்கே போகாமல் ஸ்ட்ரோக்கைத் திருத்துகிற ஒரே ஆள் இவளாகத்தான் இருக்கும்.

மருத்துவத்துக்குப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். 12 ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஜென்னி தாம்சன் மயக்க மருந்து நிபுணராகிவிட்டார்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: பசி. பயிற்சி நின்ற அன்றைக்கு வயிற்றுக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. பழைய நண்பர்களைச் சந்தித்தால் முதல் பத்து நிமிடம் எல்லாரும் இதைத்தான் பேசுகிறோம்.

ஸ்டாப்வாட்ச்:

கோச்சுகளைப் பற்றியும் கேட்டிருப்பதால் நானும் எழுதுகிறேன். போட்டிக்காரர்களை விட்டு வந்து பல வருடம் ஆயிற்று. இப்போது தண்ணீரைக் கண்டால் நடுங்கும் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பது வயதுக்காரர்களும் வருகிறார்கள், எழுபது வயதுக்காரர்களும் வருகிறார்கள்.

போன மாதம் ஒரு பழைய சக கோச் குளத்துக்கு வந்தார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு அம்மாவுக்கு முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை ஊதச் சொல்லிக்கொண்டிருந்தேன். "என்ன சார், உங்கள் நிலைமை இப்படி ஆகிவிட்டதே" என்றார். அனுதாபம்தான், கெட்ட எண்ணம் இல்லை. அவரையும் தண்ணீருக்குள் இறங்கச் சொல்லி, பக்கத்தில் இருந்த இன்னொருவரை மிதக்க வைக்கும் பொறுப்பை ஒப்படைத்தேன். கொஞ்ச நேரம் பாடுபட்டுப் பார்த்தார். அந்த மனிதரின் கால் கீழேயே போய்க்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அனுதாபம் காணோம்.

கடைசி 15 மீட்டரில் ஒருவனை எப்படி வேகப்படுத்துவது என்பது கோச்சுக்கு அத்துப்படி. முதல் ஒரு மீட்டர் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஏனென்றால் நம்மிடம் வருகிற பிள்ளை ஏற்கெனவே மிதக்கத் தெரிந்துதான் வருகிறது. பயப்படுகிறவர் என்ன செய்கிறார்? தலையைத் தூக்குகிறார். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். நம்மை மிதக்க வைப்பது நெஞ்சில் இருக்கும் காற்று. தலையும் சேர்ந்து தண்ணீரில் படுத்தால்தான் கால் மேலே வரும். இதை வாயால் ஆயிரம் முறை சொன்னாலும் உடம்பு நம்பாது. அடுத்தது மூச்சு. பயந்தவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார், விடமாட்டார். பழைய காற்று வெளியே போகாததால்தான் திணறல் வருகிறது. அதனால் நான் கை கால் எதையும் தொடுவதில்லை. வெறும் குமிழி விடுவதுதான், வாரக்கணக்கில். ஒருவர் தானாகக் கையை எடுத்துவிட்டு மிதக்கிற அந்த நொடியில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தேசியப் போட்டியில் ஜெயித்த பையன்கள் முகத்தில்கூட நான் அதைக் கண்டதில்லை. ஜெயித்தவன் உடனே கடிகாரத்தைத்தான் பார்ப்பான்.

இது இறக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியக் கோச் லாரி லாரன்ஸ், 1988-ல் தன் மாணவன் டங்கன் ஆர்ம்ஸ்ட்ராங் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றபோது டிவிக்காரர் முன்னால் அவர் போட்ட ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பேர்ப்பட்டவர் அதற்குப் பிறகு சின்னக் குழந்தைகள் தண்ணீரில் மூழ்கிச் சாவதைத் தடுக்கும் பிரசாரத்தில் இறங்கினார். பெற்றோருக்கும் குழந்தைகளுக்கும் பாட்டுக் கட்டிச் சொல்லிக்கொடுத்தார். இன்னொருவர் எரிக் முசம்பானி. 2000 சிட்னியில் அவரோடு நின்ற இருவரும் முன்கூட்டியே குதித்து வெளியேற்றப்பட, தனியாக 100 மீட்டர் நீந்தி 1:52.72-ல் முடித்தவர். உலகமே சிரித்தது, அப்புறம் எழுந்து நின்று கை தட்டியது. அவர் பின்னாளில் தன் நாடான ஈக்குவடோரியல் கினியாவின் தேசிய அணிக்குக் கோச் ஆனார். பயம் என்றால் என்ன என்று தெரிந்த கோச். என் நீச்சல் வகுப்புக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் நான் ஒதுங்கிக்கொள்வேன்.

கடல் நீச்சல்:

ஸ்டாப்வாட்ச் சார், உங்களைப் போலவே ஒரு கோச்சிடம்தான் நான் வளர்ந்தேன். ஓய்வு பெற்றபின் அவர் நீந்துவார் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. எப்போதும் கரையில்தான் நிற்பார், காலில் செருப்புகூட நனையாது. ஒரு கடல் போட்டியில் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது ஒருவரைக் கடந்து போனேன். பின்னாலிருந்து "முழங்கை! முழங்கையைத் தூக்கு!" என்று ஒரு குரல். தண்ணீருக்குள்ளேயே சிரித்ததில் இரண்டு வாய் உப்புத் தண்ணீர் குடித்தேன்.

கரையேறிய பிறகு கேட்டேன், இந்த வயதில் எதற்கு என்று. "உங்களுக்கெல்லாம் கொடுத்த பயிற்சி உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமா என்று பார்க்கத்தான்" என்றார். கஷ்டமா சார் என்றால் பதில் இல்லை, துண்டைத் தேடப் போய்விட்டார்.

அவருக்கு முன்மாதிரி ஜேம்ஸ் கவுன்சில்மன். ஒலிம்பிக் சாம்பியன் மார்க் ஸ்பிட்ஸுக்குக் கோச்சாக இருந்தவர், நீச்சலில் கை எப்படி உந்துகிறது என்பதை அறிவியலாக ஆராய்ந்தவர். 1979-ல் தன் 58-வது வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதுவரை கடந்தவர்களில் அவர்தான் வயதில் மூத்தவர்.

கால்வாய் என்றதும் நமக்கெல்லாம் குற்றாலீஸ்வரன் ஞாபகம் வரும். 1994-ல் 13 வயதில் ஆறு நீரிணைகளைக் கடந்த பையன் பிறகு பொறியியல் படித்து வேறு வேலைக்குப் போனார். அவ்வளவு சின்ன வயதில் அவ்வளவு உயரம் போனவர்கள் அடுத்த வாழ்க்கைக்கு மாறுவதே ஒரு பெரிய நீச்சல்தான்.

டேப்பர்:

நான் இன்னும் போட்டியில் இருக்கிறேன், இன்னும் இரண்டு சீசன் ஓடலாம். படித்துக்கொண்டே வந்தேன், ஒரு கேள்வி. நிறுத்தியதும் வெறுமையாக இருக்காதா? ஒலிம்பிக் சாம்பியன்கள் மைக்கேல் ஃபெல்ப்ஸ், இயன் தோர்ப் இரண்டு பேரும் மனச்சோர்வு பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கே அப்படி என்றால்?

பழைய பட்டர்ஃப்ளை:

இருக்கும் தம்பி. பொய் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வயதிலிருந்து எப்போது எழுவது, எத்தனை லேப், எப்போது தூங்குவது என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உதவி கேட்கக் கூச்சப்படாதே. அவர்கள் இருவரும் வெளியே பேசியதே பெரிய காரியம், எங்கள் காலத்தில் அதற்கு வார்த்தையே கிடையாது.

ஆஸ்திரேலிய நீச்சல்காரி ஷேன் கோல்ட் கதையைத் தேடிப் படி. 1972 மியூனிக்கில் 15 வயதில் தனிநபர் பிரிவில் மட்டும் ஐந்து பதக்கம். அடுத்த வருடமே போதும் என்று விட்டுவிட்டு, மேற்கு ஆஸ்திரேலியாவில் பண்ணை வாழ்க்கைக்குப் போய்விட்டார். நடுவயதில்தான் மாஸ்டர்ஸ் நீச்சலுக்கு, அதாவது வயதுப் பிரிவு வாரியாகப் பெரியவர்களுக்கு நடக்கும் போட்டிக்குத் திரும்பினார். 2018-ல் 61 வயதில் டிவியின் 'சர்வைவர்' போட்டியில் ஜெயித்தார். அந்த நடுவில் இருந்த வருடங்களை யாரும் வீண் என்று சொல்ல முடியாது, அவரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் ஜிம்பாப்வே நீச்சல்காரி கிர்ஸ்டி கவென்ட்ரி மாதிரி 2025-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கே தலைவராகும் யோகம் வாய்க்குமா என்ன. பண்ணையும் நல்ல வேலைதான்.

லேன் 4:

டேப்பர் தம்பி, மாஸ்டர்ஸ் போட்டி ஒன்றை நேரில் போய்ப் பார். 25 வயதில் ஆரம்பித்து ஐந்தைந்து வருடமாகப் பிரிவு. கரையில் இருக்கும் பிளாக் மேடையிலிருந்து குதிக்க முடியாதவர் தண்ணீரிலிருந்தே சுவரை உதைத்துக் கிளம்பலாம். பட்டர்ஃப்ளையில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கிக் போட்டாலும் தகுதி நீக்கம் கிடையாது. (அக்கா, உங்கள் தோளுக்கு இல்லாவிட்டாலும் இடுப்புக்கு இது நல்ல செய்தி.) ஜார்ஜ் கோரோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இளமையில் நீந்தி, போர்க்காலத்தில் விட்டு, 80 வயதில் திரும்பி வந்தவர். 2018-ல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 56.12 விநாடியில் நீந்தி 100-104 வயதுப் பிரிவில் உலக சாதனை வைத்தார். அன்றைக்கு அவருக்கு 99 வயதுதான். வருடக் கடைசியில் என்ன வயதோ அதுதான் கணக்கு.

அங்கே நான் பார்த்த ஒரு காட்சி: எழுபதைத் தாண்டிய இருவர், இளமையில் பரம எதிரிகள், நீந்தி முடித்ததும் யார் ஜெயித்தது என்று பலகையைப் பார்க்காமல் ஒருவருடைய மூட்டு வலி மருந்தை இன்னொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பேத்தி வந்து சொன்ன பிறகுதான் பலகையைப் பார்த்தார்கள். பார்த்ததும் சண்டை ஆரம்பித்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆக, பேசிக்கொண்டே இருப்பதற்குப் பதில் ஒரு கலப்பு மெட்லி ரிலே போடலாமா? ஆளுக்கு ஒரு ஸ்ட்ரோக். இரண்டு ஆண், இரண்டு பெண். நான்கு பேர் வயதையும் கூட்டித்தான் பிரிவு. எனக்கு 58, ஃப்ரீஸ்டைல்.

பழைய பட்டர்ஃப்ளை:

55. என்ன ஸ்ட்ரோக் என்று சொல்ல வேண்டுமா? தோளைத் தோழியிடம் காட்டிவிட்டு வருகிறேன், திட்டுவாள்.

ஸ்டாப்வாட்ச்:

76. பிரெஸ்ட் ஸ்ட்ரோக். தண்ணீரிலிருந்துதான் கிளம்புவேன், யாரும் சிரிக்கக் கூடாது.

கடல் நீச்சல்:

பேக் ஸ்ட்ரோக் நான். ஆனால் எனக்கு 49தான். கூட்டினால் 238 வருகிறது. 240 பிரிவுக்கு இரண்டு குறைகிறதே, 200 முதல் 239 வரையான பிரிவில் சின்னவர்களோடு மாட்டிக்கொள்வோம். எனக்கு 51 ஆகும்வரை காத்திருப்பீர்களா?

ஸ்டாப்வாட்ச்:

உனக்கு மட்டுமா வயது ஏறுகிறது? நாலு பேருக்கும் ஏறும். அடுத்த வருடமே 242. திங்கட்கிழமையிலிருந்து பயிற்சியை ஆரம்பி, முழங்கையைத் தூக்கு.