ஆரக்கிள் – ‘விரிச்சி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நாமே ஒரு கதைப்பாத்திரமாகி ஆடும் ‘ரோல்பிளேயிங்’ ஆட்டங்களுக்குத் தமிழ்ச்சொற்கள் தேடி வருகிறோம். அவற்றில் ஒருவரே ஆடும் கதைப்பாத்திர ஆட்டங்களுக்கு ‘தனியாட்டம்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. ஆங்கில ‘டேபிள்டாப்’பைப் பின்பற்றி ‘மேசை’ என்ற முன்னொட்டு வேண்டாம் என்பதிலும் உடன்பாடு வந்துவிட்டது. திண்ணையிலும் தரையிலும் உட்கார்ந்து ஆடுபவர்களுக்கு மேசை எதற்கு? இழுபறியில் இருப்பது ஆரக்கிள், அதாவது ஆடுபவரின் கேள்விக்குப் பகடையால் விடை தரும் முறை, ஒன்றுதான்.

> அசரீரி, ஆரூடம், குறி ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன?

மூன்றும் பொருந்தவில்லை என்பது என் கருத்து. காரணத்துக்கு முன்னால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஆரக்கிள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

குழுவாக ஆடும்போது ஆட்டத்தை நடத்த ஒருவர் இருப்பார். கதவுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்வார். தனியாக ஆடுபவருக்கு அந்த ஆள் இல்லை. 1976இல் வந்த ‘பஃபலோ காசில்’ என்ற தனியாட்ட நூல் இந்தக் குறையை எண்ணிட்ட பத்திகளால் தீர்த்தது: இந்தக் கதவைத் திறந்தால் இந்தப் பத்திக்குப் போ, அதைத் திறந்தால் அந்தப் பத்திக்குப் போ. எழுதியவர் யோசித்து வைத்த வழிகளைத் தாண்டி அதில் போக முடியாது. 2003இல் வெளிவந்த ‘மித்திக்’ என்ற விதிநூல் அந்தக் கட்டை அவிழ்த்தது. ஆடுபவர் எந்தக் கேள்வியையும் கேட்கலாம். பகடை ஆம், இல்லை என்று பதில் தரும். 2018இல் ஷான் டாம்கின் ‘அயர்ன்ஸ்வோர்ன்’ ஆட்டத்தின் மின்னூலை இலவசமாகவே கொடுத்தார். ஆரக்கிள் என்ற சொல்லை இன்று பலர் அறிந்திருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

அயர்ன்ஸ்வோர்னில் முறை இப்படி: நூறு வரை எண் தரும் பகடையை உருட்ட வேண்டும். நடக்க வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தால் 26 முதல் ‘ஆம்’. சரிபாதி வாய்ப்பு என்றால் 51 முதல். வாய்ப்புக் குறைவு என்றால் 76 முதல். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ‘படகோட்டி இன்னும் துறையில் காத்திருக்கிறாரா?’ காத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவுசெய்து உருட்டுகிறேன். 19 விழுகிறது. ஆள் இல்லை. ஏன் போனார்? எண்ணிட்ட சொற்பட்டியலுக்காகப் பகடையை இரண்டு முறை உருட்டினால் ‘மறைத்தல்’, ‘கடன்’ என்று இரு சொற்கள் வருகின்றன. படகோட்டிக்கு என்ன கடன், யாரிடம் வாங்கினார், எதை மறைத்தார் என்பதெல்லாம் பட்டியலில் கிடையாது. அந்த இரு சொற்களைத் தன் கேள்வியோடு பொருத்திப் பார்ப்பதுதான் ஆடுபவரின் வேலை. தனியாட்டத்தின் இன்பமும் அதில்தான் இருக்கிறது.

இப்போது மூன்று சொற்களுக்கு வருகிறேன். அசரீரி தெளிவாகப் பேசும். இன்னது நடக்கும் என்று வானத்திலிருந்து தீர்ப்பே வந்துவிடும், கேட்பவர் பொருள் தேட வேண்டியதில்லை. ஆரூடம் என்றதும் பெரும்பாலும் எதிர்காலம்தான் நினைவுக்கு வருகிறது; படகோட்டி இந்த நிமிடம் துறையில் இருக்கிறாரா என்ற கேள்வியோடு அது ஒட்டவில்லை. குறி என்றவுடன் குறி சொல்பவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். தனியாட்டத்தில் இல்லாத ஆளே அவர்தான். தவிர, குறியீடு, குறிப்பு, குறிமுறை என்று அந்த வேர் ஏற்கெனவே தலைக்கு மேல் சுமக்கிறது.

என் பரிந்துரை ‘விரிச்சி’. சங்க இலக்கியமான முல்லைப்பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். தலைவன் போருக்குப் போயிருக்கிறான். முதிய பெண்கள் ஊர்ப்புறத்துக்குச் சென்று நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, காதில் விழும் சொல்லுக்காக நிற்கிறார்கள். அதற்குப் பெயர் விரிச்சி. அங்கே கட்டியிருந்த இளங்கன்று தாயைக் காணாமல் தவிக்கிறது. குளிரில் தோள்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆய்மகள் ஒருத்தி அதனிடம், “இன்னே வருகுவர் தாயர்” என்கிறாள். அவள் சொன்னது கன்றுக்கு. அந்தப் பெண்களோ அதைத் தங்கள் கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்கிறார்கள்: நல்ல சொல் கேட்டோம், தலைவன் திரும்பி வருவான்.

கேள்வி கேட்பவருடையது, சொல் தற்செயலாக வந்தது, இரண்டையும் இணைப்பவர் கேட்டவரே. சொற்பட்டியலில் உருட்டும்போது நடப்பது அணு பிசகாமல் இதுதான். ஆங்கிலச் சொல்லை விடவும் விரிச்சி இங்கே பொருந்துகிறது என்று உறுதியாகச் சொல்வேன். கிரேக்கர்களின் ஆரக்கிளில் தெய்வத்தின் சார்பில் பேச ஒரு பூசாரி இருந்தார். தொல்காப்பியமும் வெட்சித் திணையில் ‘பாக்கத்து விரிச்சி’ என்று இதைக் குறிக்கிறது.

> வழக்கொழிந்த சொல். பேச்சில் ‘விரிச்சு வை’ என்பதோடு குழம்பாதா?

நியாயமான கேள்வி. விதிநூலின் வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். ‘பதில் தெரியாத இடத்தில் விரிச்சி கேளுங்கள்.’ ‘விரிச்சிப் பட்டியலில் இரண்டு முறை உருட்டுங்கள்.’ ‘விரிச்சி இல்லை என்றது, எனவே பாலம் உடைந்திருக்கிறது.’ எனக்கு எங்கும் இடறவில்லை. வழக்கொழிந்திருப்பதும் இங்கே வசதிதான், வேறு துறை எதுவும் அதற்கு உரிமை கொண்டாடவில்லை. ஆம்/இல்லை பதிலுக்கு மட்டும் வேறு சொல் வேண்டும் என்று யாராவது கருதினால் கேட்கத் தயார். எனக்கு இரண்டுக்கும் ஒன்றே போதும்.

அடுத்து ‘பிராம்ப்ட்’, அதாவது ஆடுபவரை எழுதத் தூண்டும் குறுங்குறிப்பு. டிம் ஹட்சிங்ஸின் ‘தௌசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர்’ போன்ற, பாத்திரத்தின் கதையை எழுதிக்கொண்டே ஆடும் நாட்குறிப்பு ஆட்டங்களுக்கு இந்தச் சொல் இல்லாமல் முடியாது. அதில் பத்துமுகப் பகடையில் விழுந்ததிலிருந்து ஆறுமுகப் பகடையில் விழுந்ததைக் கழித்து, எண்ணிட்ட பிராம்ப்டுகளில் அத்தனை எண் முன்னோ பின்னோ நகர்ந்து, அங்குள்ள பிராம்ப்டைப் படித்து எழுத வேண்டும். ‘தூண்டல்’ என்பதைச் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சேக்கிழாருக்கு ‘உலகெலாம்’ என்று தில்லையில் இறைவன் அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்கிறோமே, அந்த வழக்கிலிருந்து ‘அடியெடுப்பு’ என்று எடுக்கலாம். முதல் அடி ஒருவர் கொடுப்பது, மிச்சம் எழுதுபவருடையது.

அகராதியில் ஏற்றுவதால் மட்டும் இவை பரவிவிடாது. 2020இல் கிறிஸ் பிசெட் ‘தி ரெச்சட்’ ஆட்டத்தை வெளியிட்டார். சீட்டுக்கட்டும் மரக்கட்டைக் கோபுரமும் கொண்டு ஆடுவது. அதன் அடிப்படை விதிகளைத் தனி ஆவணமாக்கிப் பிறருக்கும் திறந்துவிட்டதால், பலர் அதே சட்டகத்தில் சொந்த ஆட்டங்கள் செய்து இட்ச் (itch.io) என்ற ஆட்டங்களுக்கான இணையதளத்தில் ஏற்றினார்கள். விதிகளோடு சேர்ந்து சொற்களும் பயணம் செய்தன. தமிழிலும் அப்படி ஒரு திறந்த ஆவணம் வேண்டும்: ஒரே ஏஃபோர் தாளில் அடிப்படை விதிகள், ஒரு விரிச்சிப் பட்டியல், பத்துப் பதினைந்து அடியெடுப்புகள். எவரும் எடுத்துத் திருத்தி, தம் ஆட்டத்தை விற்கவும் செய்யலாம் என்ற உரிமத்தோடு.

அந்தத் தாளை எழுதத் தொடங்கிவிட்டேன். விரிச்சிப் பட்டியலுக்கு நூறு சொற்கள் தேவை. வினை, பெயர் இரண்டும் கலந்து. ‘விடியல்’, ‘தேடல்’ போன்றவை வேண்டாம், அவற்றோடு எந்தக் கேள்வியும் பொருந்திவிடும். ‘அடகு’, ‘ஒட்டடை’, ‘சாட்சி’, ‘வழுக்கல்’ போலக் கையில் அகப்படும் சொற்களாக ஆளுக்குப் பத்து அனுப்புங்கள். விரிச்சிக்கு மறுப்பு இருந்தாலும் அதே மடலில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்.