10 ஜி கார்டு, 2.5 ஜி சுவிட்ச்: லிங்க் 1 ஜிக்கு மேல் ஏறவில்லை

கேள்வி:
வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஃபைல்கள் எல்லாம் நாஸில் (நெட்வொர்க்கில் இணைத்த ஸ்டோரேஜ் பெட்டி), அதில் 2.5 ஜி (விநாடிக்கு 2.5 ஜிகாபிட்) போர்ட். இப்போது 2.5 ஜி சுவிட்ச் வாங்கி, பழைய சர்வரில் இருந்து கழற்றிய 10 ஜி நெட்வொர்க் கார்டை (எக்ஸ்540 மாடல், சாதாரண லேன் வயர் செருகும் ஆர்ஜே45 போர்ட்) கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறேன். நாஸ் பக்கம் 2.5 காட்டுகிறது, கம்ப்யூட்டர் பக்கம் 1 ஜிதான். காப்பி விநாடிக்கு 110 எம்பியை (மெகாபைட்) தாண்ட மாட்டேன் என்கிறது. 10 ஜி ஓடும் கார்டு 2.5இல் ஓடாதா?

பதில் 1:
முதலில் கேபிளைப் பாருங்கள். கேட் 5இ இருந்தாலே 2.5 ஜிக்குப் போதும், ஆனால் கிரிம்பிங் (வயர் முனையில் பிளக் பொருத்தியது) சரியில்லை என்றால் வேகம் இறங்கிவிடும்.

கேட்டவர்:
கேட் 6, மூன்று மீட்டர்தான். அதே வயரை, அதே போர்ட்டில் இருந்து நண்பருடைய லேப்டாப்பில் செருகினால் 2.5 வருகிறது.

பதில் 2:
அப்படியானால் வயரும் சுவிட்சும் நன்றாகவே இருக்கின்றன தம்பி. விஷயம் கார்டில்தான். காப்பர் வயரில் 10 ஜி ஓட்டும் தரம் 2006இல் வந்தது. 2.5 ஜி, 5 ஜி தரம் வந்தது 2016இல். எக்ஸ்540 அதற்கு முந்தையது. அதற்குத் தெரிந்த வேகங்கள் 100 எம்பிபிஎஸ், 1 ஜி, 10 ஜி மட்டும். ஆட்டோ நெகோஷியேஷனில் இரு பக்கமும் தனக்குத் தெரிந்த வேகங்களைச் சொல்லும், இரண்டுக்கும் பொதுவானதில் பெரியது அமையும். உங்களுக்கு அது 1 ஜி. டிரைவர் மாற்றினாலும் வராது. ஸ்பீடை 10 ஜி என்று கட்டாயமாக வைத்தால் லிங்க்கே வராது, அதைச் செய்யாதீர்கள்.

சுவிட்சில் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் (தனி மாட்யூல் செருகும் 10 ஜி போர்ட்) இருக்கிறதா?

கேட்டவர்:
இரண்டு இருக்கின்றன அண்ணா, காலியாக.

பதில் 2:
நல்லதாகப் போயிற்று. ஒன்றில் 10ஜிபேஸ்-டி (காப்பர் வயரில் 10 ஜி ஓட்டும்) மாட்யூல் போட்டு, கார்டை அதில் இணையுங்கள். கம்ப்யூட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவே 10 ஜி, நாஸுக்கு 2.5, இடையில் சுவிட்ச் பார்த்துக்கொள்ளும். கேட் 6இல் இந்தத் தூரத்துக்கு 10 ஜி தாராளமாக ஓடும். வாங்கும் முன் அந்த மாட்யூலை உங்கள் சுவிட்ச் ஏற்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் 2.5 ஜி பிசிஐஇ கார்டே போதும். நாஸ் 2.5இல் இருக்கும்வரை காப்பி வேகம் இரண்டு வழியிலும் ஒன்றுதான்.

கேட்டவர்:
மாட்யூல் போட்டாயிற்று. லிங்க் 10 ஜி, காப்பி 280 எம்பி வருகிறது. ரொம்ப நன்றி அண்ணா! மாட்யூல் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறதே, பரவாயில்லையா?

பதில் 2:
காப்பர் மாட்யூல் என்றால் சூடு இருக்கத்தான் செய்யும். பக்கத்துப் போர்ட்டைக் காலியாக விடுங்கள், சுவிட்சின் மேல் எதையும் அடுக்காதீர்கள். லிங்க் அடிக்கடி விட்டு விட்டு வந்தால் மட்டும் சின்ன ஃபேன் ஒன்று வையுங்கள்.